பட்டம் பெற்றவன் பரதேசம் போகலாமா?

சென்ற மாதம் பொத்துவிலுக்குப் போயிருந்தேன். கல்முனையில் பஸ் வண்டி ஏறித் தெற்கே சென்றால், காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே நகரும். என்னுடன் ஒரே பாடசாலையில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பொத்துவிலில் வாழ்கிறார். “சேர், ஒருமுறை வந்து போங்கள். வீட்டில் ஒரு வழக்கு இருக்கிறது, நீங்கள்தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும்” என்று அவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். வழக்கு என்றதும் காணி வழக்கோ என்று எண்ணினேன். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது மகனைப் பற்றிய வழக்கு.

பொத்துவிலை அறியாத நேயர்களுக்காக அவ்வூரைப் பற்றி இரண்டு வார்த்தை. அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் உள்ள அவ்வூருக்கு வயலும் கடலும் களப்பும் சீவனம். தெற்கே மூன்று கிலோமீற்றர் சென்றால் அறுகம்குடா. அங்கே சித்திரை, வைகாசி தொடங்கி ஐப்பசி வரை, அலைச்சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல திசைகளிலிருந்தும் இளைஞர் வந்து கூடுகின்றனர். தென் இந்து சமுத்திரத்தில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வீசும் புயல்களால் எழும் அலைகள், நீண்ட தூரம் ஓடி வந்து இங்குள்ள கரைமுனையில் வளைந்து ஒழுங்காக உடைகின்றன. அதே மாதங்களில் தென்மேல் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. புவியியல் படிப்பித்தவன் ஆகையால் இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது நண்பரின் வீடு அடியோடு போயிற்று. களப்பின் மேலிருந்த பழைய பாலமும் சிதைந்தது. 2008இல்தான் புதிய பாலம் திறக்கப்பட்டது. அப்பொழுது அவர் மகன் நான்கு வயதுக் குழந்தை, மகள் கைக்குழந்தை. “கடல் எல்லாவற்றையும் கொண்டு போன பிறகும், மாதம் முடிய எனக்குச் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தினால்தான் நாங்கள் தலை நிமிர்ந்தோம்” என்று அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். உத்தியோகம் புருஷ இலட்சணம் என்பது நம் பெரியோர் வாக்கு. நண்பருக்கோ அது உயிர் காத்த அனுபவம். இதை மனத்தில் வைத்துக்கொண்டே வழக்கைக் கேட்க வேண்டும்.

மகன் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவன். பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறான். ஆனால் அதன் முடிவு வருமுன் ஓராண்டு வெளிநாடுகளைப் பார்த்து வரவேண்டும் என்கிறான். முதலில் நேபாளம், அங்கிருந்து இந்தியா, பின்பு மலேசியா என்று வரைபடத்தில் கோடு கிழித்து வைத்திருக்கிறான்.

“சேர், வேலைக்கென்று சொல்லட்டும்; நானே கட்டாருக்கு அனுப்பி வைக்கிறேன். இவன் பார்ப்பதற்குப் போகிறானாம்! ஊரில் கேட்பவர்கள் சிரிக்கமாட்டார்களா?” என்றார் நண்பர்.

“நான் உங்களிடம் காசு கேட்கவில்லை, வாப்பா. மூன்று வருடமாக விடுமுறைக் காலங்களில் உல்லையில் வேலை செய்து நானே சேர்த்ததுதான்” என்றான் மகன், தலை குனிந்தபடி.

“காசு உன்னுடையது, காலம் யாருடையது? தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டாமா?”

இந்தக் கடைசிக் கேள்வியின் கனம் நம் பகுதியார்க்கு விளங்கும். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்வது இக்கரையோரத்து வழக்கம். தந்தையின் உழைப்பும் தமையனின் உழைப்பும் அவ்வீட்டின் சுவர்களுக்கே போய்ச் சேரும். வீடு முடியாமல் தமையன் தன் வாழ்வைப் பற்றி நினைப்பதே தவறு என்று எண்ணுபவர் பலர். உம்மா கதவோரத்தில் நின்று ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தங்கையோ தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு, “எனக்கு இன்னும் படிப்பு இரண்டு வருடம் இருக்கிறது, வாப்பா. வீட்டைக் காரணம் காட்டிக் காக்காவை மறிக்க வேண்டாம்” என்று மெல்லச் சொன்னாள். அவள் சொல்லிவிட்டு உள்ளே போனபின் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

தீர்ப்பை மறுநாளைக்கு ஒத்தி வைத்து, மாலையில் பையனை அழைத்துக்கொண்டு அறுகம்குடாவுக்கு நடந்தேன். கடற்கரை எங்கும் வெளிநாட்டு வாலிபரும் யுவதிகளும். இவர்கள் எல்லாரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் என்றே நான் எண்ணியிருந்தேன். அவன் அவர்களைப் பழகி அறிந்தவன். “அப்படியில்லை, சேர். அதோ இருப்பவர் அவுஸ்திரேலியாவில் மின்சார வேலை செய்பவர். அந்தப் பெண் தாதி. சிலர் பாடசாலைப் படிப்பை முடித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் ஓராண்டு உலகம் பார்க்க வந்திருக்கிறார்கள். வேலை செய்து காசு சேர்ப்பார்கள். தீர்ந்ததும் திரும்பிப் போய் மீண்டும் வேலை செய்வார்கள். என்னிடம் அவர்கள் ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நீ எந்த நாடு பார்த்திருக்கிறாய்? நான் ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பிவிடுகிறேன்” என்றான்.

அவன் சொன்னதைக் கேட்டு என் மனம் சற்று இளகியது உண்மை. ஆயினும் இளகிய மனத்தோடு தீர்ப்புச் சொல்லலாகாது அன்றோ? அந்த வாலிபருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய ஒரு கிழமைக் கூலி இங்கே பல மாதச் செலவுக்குப் போதும். அவர்களுடைய கடவுச்சீட்டைக் கண்டால் மிகப் பல நாடுகள் வாசலைத் திறந்துவிடும்; நம்முடைய கடவுச்சீட்டுடன் முன்கூட்டியே விசா பெறாமல் போகக்கூடிய நாடுகள் சிலவே. துணிவு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் துணிந்து தவறினால் தாங்கிக்கொள்ளும் வசதி அவர்களுக்கு அதிகம். இதை மறைத்து, “நீயும் அவர்களைப் போல் புறப்படு” என்று ஓர் இளைஞனுக்குப் புத்தி சொல்வது நேர்மையாகாது.

ஆனால் நம் பிள்ளைகள் வெளிநாடு போகாதவர்களா? 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகளில் பணம் பெருகிய நாள் முதலாக, நம் கரையோரத்திலிருந்து ஆண்களும் பெண்களும் ஆயிரமாயிரமாகப் போய்க்கொண்டிருக்கின்றனர். இதனை ஒழுங்கு செய்வதற்கென்றே 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கடவுச்சீட்டுப் பெற நம் நாட்டு இளைஞர் இரவு பகலாக வரிசையில் நின்றதை யாவரும் அறிவோம். இவர்களுள் எத்தனை பேர் தரகருக்குக் கொடுக்கத் தாயின் நகையை அடகு வைத்தார்கள்? எத்தனை பேர் வயலை ஈடு வைத்தார்கள்? கடனோடு போனவனுக்கு அந்த நாட்டின் ஒரு தெருவும் தெரியாது. வேலைத்தளமும் படுக்கையும் தெரியும், அவ்வளவே. கடன் தீரும் வரையில் அவனுக்குத் திரும்பும் நாளும் தெரியாது. இதற்கு நாம் ஒருபோதும் சிரிப்பதில்லை. சொந்தக் காசில், திரும்பும் நாளைக் குறித்துக்கொண்டு, கண் திறந்து பார்த்து வருகிறேன் என்பவனைக் கண்டுதான் சிரிக்கிறோம். அன்றிரவு இதை நண்பரிடம் சொன்னேன்.

“சேர், இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம். நமக்கு ஏது?” என்றார் அவர்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடையை நேயர்களுக்கும் சொல்லுகிறேன். ஆண்டுதோறும் கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கால்நடையாகவே போகும் யாத்திரிகர் பொத்துவிலைக் கடந்துதான் பாணமை, உகந்தை, குமணைக் காடு என்று செல்கின்றனர். மக்காவுக்குச் செல்லும் ஹஜ் யாத்திரையை வாழ்நாட் கடமையாகக் கொண்டவர் நம் ஊர்களில் நிறைந்திருக்கின்றனர். பொருள் தேடாத பிரயாணம் நமக்குப் புதிதன்று.

ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டு உலகத்தையே பார்த்துவிட்ட ஒருவரை வரலாறு அறியும். மொறோக்கோ நாட்டுத் தன்ஜியர் நகரில், காதிமார் குடும்பத்தில் பிறந்து, மார்க்கச் சட்டம் பயின்றவர் இப்னு பதூதா. படித்த படிப்புக்கு ஊரிலேயே உத்தியோகம் பார்த்திருக்கலாம். 1325ஆம் ஆண்டில், தமது 21ஆவது வயதில், தன்னந்தனியராக அவர் புறப்பட்டார். ஹஜ்ஜை முடித்தபின் பாரசீகம், ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, மத்திய ஆசியா என்று சுற்றி டில்லியை அடைந்தார். அங்கே சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரைக் காதியாக நியமித்தார். பின்னர் மாலைதீவிலும் காதியாக இருந்தார். 1344இல் நமது இலங்கைக்கே வந்து, புத்தளத்தில் கரையேறி, யாழ்ப்பாண மன்னரின் உதவியுடன் பாவா ஆதம் மலைக்கு யாத்திரை சென்றார். அவர் பிரயாணம் செய்த தூரத்தை எழுபதினாயிரம் மைலுக்கு மேல் என்று மதிப்பிடுவர். அவர் கையோடு கொண்டு சென்ற மூலதனம் அவர் கற்ற சட்டமே. போன இடமெல்லாம் அது சோறு போட்டது.

இவ்வளவில் நிறுத்தினால் கதை இனிமையாகவே இருக்கும். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். புறப்பட்டபோது பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தனர். அவர்களைப் பிரிந்தது தம்மை வருத்தியதை அவரே பதிவு செய்திருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1348இல், அவர் டமஸ்கஸ் நகருக்குத் திரும்பி வந்தபோதுதான், தம் தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது. 1349இல் தாயைப் பார்க்க ஊரை நெருங்கினார். அந்நாளில் பரவிய கொள்ளை நோயில், அவர் வருவதற்குச் சிறிது காலம் முன்பே தாயும் இறந்துவிட்டார். உலகம் போற்றும் பிரயாணியின் வீட்டுக் கணக்கு இது. நான் இதைச் சொன்னபோது கதவோரத்தில் நின்ற உம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார்.

பிரயாணத்தின் பயனையும் அதன் ஆபத்தையும் நன்கு உணர்ந்து, அதற்கு ஓர் ஒழுங்கு செய்துவைத்தவர்கள் ஜேர்மனி நாட்டுக் கைவினைஞர். தச்சன், கொத்தன் முதலிய தொழில்களைக் கற்று முடித்த இளைஞன், ஊரூராகச் சென்று வேலை செய்து பழகும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக உள்ளது. இன்றும் சில நூறு பேர் அதனைக் கைக்கொள்கின்றனர். அதன் விதிகளைக் கேளுங்கள். தொழிலை முழுமையாகக் கற்றபின்பே புறப்பட வேண்டும். முப்பது வயதுக்கு உட்பட்டவனாகவும் மணமாகாதவனாகவும் இருக்க வேண்டும். கடன் இருக்கலாகாது. மூன்று ஆண்டும் ஒரு நாளும் நிறைவதற்குள் சொந்த ஊருக்கு ஐம்பது கிலோமீற்றர் தூரத்துக்குள் வரலாகாது. சென்ற இடத்தில் நற்பெயர் கெடாமல் நடக்க வேண்டும். அடுத்து வருபவனுக்குக் கதவு அடைபடலாகாது. இப்படிப் புறப்படுபவனைப் பார்த்து அந்நாட்டில் எவரும் ஊர் சுற்றி என்று சொல்வதில்லை. அவன் படிப்பின் கடைசி வகுப்பில் இருப்பதாகவே கருதுகின்றனர்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர் ஏ. கே. செட்டியார். வணிகமும் வட்டிக்கடையும் அந்தக் குலத்தாரின் வழக்கமான பாதை. அவரோ பத்திரிகைத் தொழிலில் இறங்கி இரங்கூனில் ஆசிரியராக இருந்தார்; பின்பு புகைப்படக் கலை பயில ஜப்பானுக்குப் போனார்; அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயோர்க்கில் மேலும் பயின்றார். 1937 ஒக்டோபர் 2ஆந் திகதி, நியூயோர்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீள வரலாற்றுப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது வயது 25. அதற்காக நெடுந்தூரம் பிரயாணம் செய்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த படச் சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. அவர் ஊரிலேயே கடையில் அமர்ந்திருந்தால் ஒரு செல்வர் கூடியிருப்பார்; காந்தியடிகள் நடமாடும் காட்சிகளுள் எத்தனையோ நம் கண்ணுக்குக் கிட்டாமற் போயிருக்கும்.

“செட்டியாருக்குப் பின்னால் வியாபாரக் குலம் இருந்தது. நமக்கு உத்தியோகந்தானே?” என்று நண்பர் விடவில்லை. உத்தியோகத்தின் உச்சியில் இருந்த ஒருவரையும் அவருக்கு நினைவூட்டினேன். அவரும் 1911ஆம் ஆண்டில் பிறந்தவரே, யாழ்ப்பாணத்து ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். கொழும்பில் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று பயின்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1942இல், யுத்தகாலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது, உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து நெல் விளைவைப் பெருக்கினார். இங்குள்ள பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டதே அவர் வாழ்வைத் திருப்பியது. 1945இல் முஸ்லிம் மாணவர்க்கான கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல், எவரும் விடத் துணியாத சிவில் சேவைப் பதவியை விட்டு, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு அதிபராகச் சென்றார். பின்னாளில் மிஸ்ருக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் பிரயாணம் செய்து, கண்டவற்றைத் தமிழில் நூல்களாக எழுதினார். முதலில் உத்தியோகம், பின்பு பிரயாணம் என்ற வரிசையும் பிழையானதன்று என்பதற்கு அவர் சாட்சி.

ஆனால் அந்த வரிசை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை என்பதற்கு நானே சாட்சி. 1977இல் பேராதனையில் பட்டம் பெற்றபோது, நானும் ஒரு நண்பனும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் சென்று, அங்கிருந்து ரெயிலில் இமயமலை வரை போய்வருவதென்று திட்டமிட்டோம். பெட்டியும் கட்டியாயிற்று. அந்த வாரத்தில் ஆசிரியர் நியமனக் கடிதம் வந்தது. “முதலில் வேலையை ஒப்புக்கொள், விடுமுறையில் போகலாம்” என்றார் என் தந்தையார். அது அறிவுள்ள வார்த்தையாகவே எனக்கும் பட்டது. முதல் விடுமுறையில் காசு இல்லை; அடுத்ததில் தங்கையின் கலியாணம்; அதற்கடுத்து என் கலியாணம். 1980களின் நடுவில் போரினால் அந்தக் கப்பலும் நின்றுவிட்டது. 34 ஆண்டுகள் கரும்பலகையில் இமயமலையை வரைந்தேன். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8848 மீற்றர் என்று எழுதினேன். ஒருமுறையும் கண்ணால் கண்டதில்லை. தந்தையார்மீது எனக்குக் குறை இல்லை. அந்த உத்தியோகம் எனக்குச் சோறும் மதிப்பும் மாணவரையும் தந்தது. ஆயினும் ஒரு மாணவன் எழுந்து, “அந்த மலை எப்படி இருக்கும், சேர்?” என்று கேட்டபோதெல்லாம் நான் புத்தகத்தைத்தான் புரட்டினேன்.

ஆகவே அன்றிரவு நான் சொன்ன தீர்ப்பு, போகலாம் என்பதே. ஆனால் நிபந்தனைகளோடு போகலாம். இதே எண்ணம் உள்ள மாணவ நண்பர்கள் அவற்றைக் கவனிப்பார்களாக.

முதலாவது, கடன் வாங்கிப் போகலாகாது. உம்மாவின் ஒரு வளையலும் அசையலாகாது. சொந்த உழைப்பில் சேர்த்த பணம் ஓராண்டுக்குப் போதாவிட்டால், ஆறு மாதத்துக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கும் போதாவிட்டால் இரண்டு மாதத்துக்குப் போங்கள். திரும்பி வருவதற்கான செலவை முதலிலேயே எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

இரண்டாவது, கையில் ஒரு தொழிலோடு போக வேண்டும். போகும் இடத்தில் அதை மேலும் கற்று வர வேண்டும். வெறுங்கையோடு போகிறவன் காட்சிகளைக் கண்டு வருவான்; தொழில் தெரிந்தவன் அந்த ஊர் மனிதரைக் கண்டு வருவான். பையன் அலைச்சறுக்குக் கற்பிக்கத் தெரிந்தவன். விருந்தினர் விடுதி நடத்தும் முறையும் ஓரளவு அறிந்தவன். நேபாளத்து மலைக் கிராமத்தார் யாத்திரிகரைத் தம் வீடுகளில் எப்படி வைத்து உபசரிக்கின்றனர் என்று பார்த்து வந்தால், உல்லையில் அது பயன்படாமற் போகாது.

மூன்றாவது, சட்டத்தை மீறலாகாது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று எவன் சொன்னாலும் அவனை நம்பலாகாது. அண்மை ஆண்டுகளில், கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர் சிலர், மியன்மார் எல்லையில் உள்ள மியாவதிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு வதைபட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். பிரயாண ஆசையை வலையாக வீசுபவர் இருக்கின்றனர். வேலைக்கென்று போவதாயின் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு போக வேண்டும்; பார்க்கவென்று போவதாயின் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டையும் கலக்கலாகாது.

நான்காவது, திரும்பும் நாளைக் குறித்துப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை தவறாமல் வீட்டோடு பேச வேண்டும். இப்னு பதூதாவின் காலத்தில் தந்தையின் மரணச் செய்தி மகனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. இன்று சட்டைப் பையிலேயே தொலைபேசி இருக்கிறது. பேசாமல் இருப்பதற்கு இக்காலத்துப் பிள்ளைக்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பட்டம் பெற்ற மகன் மூன்று ஆண்டுகள் நியமனத்தை எதிர்பார்த்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நாம் பொறுத்துக்கொள்கிறோம். அது காலத்தை வீணாக்குவதாக நமக்குத் தோன்றுவதில்லை. அதில் ஆறு மாதத்தை அவன் தன் செலவில் உலகம் பார்க்கக் கேட்டால் மட்டும் காலக்கணக்குப் பார்க்கிறோம். இது நியாயமா என்று எண்ணிப் பாருங்கள். மகளுக்கும் இந்த ஆசை இருக்கலாம் என்பதையும் மறவாதிருங்கள். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட அறுகம்குடா அலைகளில், 2018ஆம் ஆண்டில் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தனர். இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதல் கழகம் அதுவே. அவர்களுட் சிலர் பிள்ளை பெற்ற தாய்மார். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் கடலில் இறங்கத்தான் செய்வார்கள். அப்போது அவர்களுக்கு வேண்டியது பழகிய துணையும் நல்ல ஆலோசனையுமே.

என் தீர்ப்பைக் கேட்டு நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போகுமுன், “ஓராண்டு என்பது ஆறு மாதமாகட்டும். காசில் பாதி தங்கச்சியின் வீட்டு அத்திவாரத்துக்கு” என்றார். மகன் உடனே சம்மதித்தான். உள்ளே இருந்து தங்கையின் குரல், “அத்திவாரம் ஆறு மாதம் பிந்தினாலும் கடல் வற்றிவிடாது, வாப்பா” என்றது. உம்மா சிரித்தார். அந்த வீட்டில் நான் போனபின் கேட்ட முதற் சிரிப்பு அது.

மறுநாட் காலை பஸ் தரிப்பிடத்துக்கு நண்பர் என்னோடு வந்தார். வண்டி வரும் வரையில் வயலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். வண்டி வந்து நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சேர், இவன் போனால் ஒழுங்காகப் பேசுவானா?” என்று கேட்டார். ஊர் சிரிக்கும் என்ற கவலையும் நியமனக் கவலையும் அவர் முகத்தில் அப்போது இல்லை. ஒரு தந்தையின் அச்சம் மட்டுமே இருந்தது. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் மகனே. பையில் என் பெட்டியை ஏற்றி வைத்துக்கொண்டிருந்த அவனை அழைத்தேன். “தம்பி, வாப்பாவோடு வெள்ளிக்கிழமைதோறும் பேசு. எனக்கு நீ ஒரு கடிதம் எழுதினால் போதும். இமயமலையைக் கண்ட அன்றே எழுது. நான் 34 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொன்னது சரிதானா என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்றேன்.